கடையின் பெயர் யார் கையில்?

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அன்பர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். தாராவியில் 90 அடிச் சாலையை அடுத்த சந்தொன்றில் பலகாரமும் பொடி வகைகளும் செய்து விற்பவர். தந்தையார் காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய குடும்பம். தெருவில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய மனைவியார் அக்கா. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு, கூழ் வற்றல், ஊரிலிருந்து வருவிக்கும் கருப்பட்டி ஆகியவையே அவர்களுடைய சரக்கு. கையில் ஒரு பொடிப் பொட்டலம் கொணர்ந்திருந்தார். அதன்மேல் அச்சிட்டிருந்த இணையதள முகவரியைச் சுட்டிக் காட்டி, "இதைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்" என்றார்.

திறந்தோம். கருப்பட்டியும் முறுக்கும் காட்சி தர வேண்டிய இடத்தில், பணம் வைத்துச் சீட்டாட வருமாறு அழைக்கும் ஒரு பக்கம் பளபளவென்று வந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, கடை எங்கே?" என்று கேட்டோம்.

"அதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன். காலையில் ஓர் அம்மா போன் செய்து, 'நீங்களுமா இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள்?' என்று கேட்கிறார்கள். என்னைப் பெற்றவளின் பெயர் ஐயா, அது" என்றார்.

நடந்தது இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளைஞர் ஒரு தொகை பெற்றுக்கொண்டு அவருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தார். தளத்தின் பெயரைத் தம்முடைய கணக்கில், தம்முடைய மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தார். இதை வஞ்சகம் என்று நாம் கருதவில்லை. பலர் இவ்வாறே செய்கின்றனர். பின்னர் அவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். தவணை முடியப் போகிறது என்ற அறிவிப்புக்கள் யாவும் அவர் திறந்து பாராத பழைய அஞ்சற்பெட்டியிற் போய் விழுந்தன. ஆனி மாதத்தில் பெயர் காலாவதியாயிற்று. ஐப்பசிக்குள் எங்கோ இருக்கும் எவரோ அதை வாங்கிக்கொண்டனர்.

இணையதளம் என்பது இன்று பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. 1989-ஆம் ஆண்டு ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பார் இந்த வலையை முன்மொழிந்தார். 1991-இல் அது ஆய்வுக் கூடத்துக்கு வெளியே உள்ளோருக்கும் எட்டிற்று. 1993 ஏப்ரல் 30 அன்று, எவரும் உரிமைக் கட்டணமின்றி இதைப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. ஆகவே வலைக்கென்று நாம் எவருக்கும் வாடகை கொடுப்பதில்லை. கொடுப்பது இரண்டுக்கு: தளத்தை வைத்திருக்கும் இடத்திற்கு ஒன்று; அதை அழைக்கும் பெயருக்கு மற்றொன்று. இடத்தை எப்போது வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் அறியவும் மாட்டார். பெயர் போனால் போனதே.

டொமைன் என்று வாணிகர் வழங்கும் இந்தத் தளப்பெயரை என்றைக்குமாக விலைக்கு வாங்க இயலாது. ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை பதிவு செய்து, தவணை முடியுமுன் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும். '.காம்' என்று முடியும் பெயராயின், தவணை தவறியபின் பதிவு செய்த நிறுவனம் சில வாரங்கள் பொறுத்திருக்கலாம். அதன்பின் அபராதத்துடன் மீட்க 30 நாட்கள் உண்டு. அதுவும் கழிந்தால் 5 நாட்களில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பல ஆண்டு வழங்கிய பெயரென்றால், அதைத் தேடி வருவோரையும் சேர்த்து வாங்குவதற்கென்றே காத்திருப்போர் உளர். அண்ணாச்சியின் தாயார் பெயர் சூதாட்டக்காரர் கையிற் சிக்கியது இவ்வழியாகத்தான்.

தாராவிக்காரர்க்கு இதை விளக்க நெடுநேரம் ஆகவில்லை. அங்குக் குடியிருப்போர் போட்டோ பாஸ் என்னும் அட்டையை எத்துணைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பர் என்பதை நாம் அறிவோம். சுவரை எழுப்பியவர் யார், தகரம் போட்டவர் யார் என்பதெல்லாம் பின்னர். அட்டை யார் பெயரில் என்பதே முதற் கேள்வி. "அப்படியானால் என் வீட்டுக்கு அட்டையை அந்தப் பையன் பெயரில் வாங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்றார் அண்ணாச்சி. அதைவிடத் தெளிவாக நாம் கூறியிருக்க முடியாது.

சட்டம் உதவாதா என்று கேட்டார். உதவும். 2004-ஆம் ஆண்டில் சத்யம் இன்ஃபோவே நிறுவனத்திற்கும் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திற்கும் நடந்த வழக்கில், வாணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு தளப்பெயருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் நாள் முழுதும் அடுப்படியில் நிற்பவர், கடல் கடந்து எங்கோ மறைந்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து வழக்காடுவது எளிதா? அந்தத் தீபாவளி வாணிகத்தைத் தொலைபேசியைக் கொண்டே ஒருவாறு முடித்தார்கள். கார்த்திகை பிறந்ததும், புதிதாகத் தொடங்குவோம் என்று மூவருமாக அமர்ந்தோம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். எல்லாக் கடைக்கும் இணையதளம் வேண்டுமென்று நாம் கூற வரவில்லை. ஒரே கட்டடத்தில் இருபது வீட்டாருக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவருக்கு வாட்ஸப் குழுவே போதும். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதிந்துகொண்டால் அதுவே பலருக்கு நிறைவாகும். அண்ணாச்சியின் நிலை வேறு. அவரிடம் பொடி வாங்கிய குடும்பங்களுட் பல டோம்பிவிலிக்கும் கல்யாணுக்கும் நவி மும்பைக்கும் பெயர்ந்துவிட்டன. அவர்தம் பிள்ளைகள் புனேயிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கின்றனர். அவர்களுக்குக் கடையின் பெயர் நினைவிருக்கிறது, சந்து நினைவில்லை. பெயரைத் தட்டித் தேடுவோருக்கு ஒரு வாசல் வேண்டும்.

முதலில் செய்தது, கணினியை மூடி வைத்ததுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கித் தொலைபேசிக்கு அருகில் தொங்கவிட்டோம். ஏழு நாட்கள், அழைப்பவர் கேட்கும் முதற் கேள்வியை அப்படியே அதில் எழுதிவர வேண்டும். அதே கேள்வி மீண்டும் வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. அக்கா இதை நம்பவில்லை. "என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனினும் எழுதினார்.

ஏழாம் நாள் நோட்டைப் பிரித்தோம். கோடுகள் மிகுதியாக இருந்த கேள்வி, "அண்ணாச்சி, எங்கள் பக்கம் அனுப்புவீர்களா?" என்பது. அடுத்து, "கால் கிலோ கொடுப்பீர்களா?" மூன்றாவது, "கருப்பட்டியில் சர்க்கரை கலந்திருக்குமா?" பழைய தளத்தில் இம்மூன்றுக்கும் விடை இல்லை. அதில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தோம். கோயிற் கோபுரம் ஒன்று, வாழையிலை ஒன்று, தாமாகவே நகரும் படங்கள் நான்கு, 'பாரம்பரியச் சுவை' என்ற தொடர் ஐந்தாறு இடங்களில். விலை எங்கும் இல்லை. தொலைபேசி எண் கடைசிப் பக்கத்தின் அடியில் படமாகப் பொறிக்கப்பட்டிருந்தது.

நோட்டில் ஒரே ஒரு முறை வந்த கேள்வி ஒன்றும் இருந்தது. "என் குழந்தைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது; உங்கள் பொடியில் கோதுமை உண்டா?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார். "இட்லிப் பொடியில் ஏது கோதுமை?" என்று அக்கா விடையளித்திருக்கிறார். நாம் பெருங்காய டப்பாவை எடுத்துவரச் சொன்னோம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினும் ஏதேனும் ஒரு தானிய மாவும் சேர்ப்பது வழக்கம். பெரும்பாலும் அது கோதுமை மாவு. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை அக்கா இரண்டு முறை படித்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பொட்டலம் அதுவரை பிரிக்கப்படாமல் இருந்தது நல்வினைப் பயன். புதிய தளத்தின் திட்டத்தில் முதன்முதலாக எழுதப்பெற்ற வரி அதுவே: ஒவ்வொரு பொடியின் கீழும் அதில் சேரும் பொருள் அனைத்தையும், பெருங்காயத்திலுள்ள மாவு உட்பட, எழுதுவது.

மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக நோட்டிலிருந்தே பிறந்தன. 'எங்கள் பக்கம்' என்பதற்கு விடையைப் பின்கோடு கொண்டு எழுதினோம். 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் என்ற மராத்தியர். அஞ்சல் துறை அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞருங்கூட. அவருடைய புண்ணியத்தில் நம் வேலை சுருங்கிற்று. 400 என்று தொடங்கும் எண்ணாயின் மும்பை, தாணே, நவி மும்பை. அங்கெல்லாம் இரண்டு நாளில் சேரும், இன்ன கட்டணம். டோம்பிவிலி, கல்யாண் பகுதியின் 421-க்கு இன்ன கட்டணம். ஏனைய ஊர்களுக்கு ஸ்பீட் போஸ்ட். கருப்பட்டிக் கேள்விக்கு, 'நூறு விழுக்காடு சுத்தம்' என்று எழுத அண்ணாச்சி விரும்பினார். வேண்டாமென்று தடுத்தோம், அதை யார்தான் எழுதவில்லை? எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்த மாதத்தில் காய்ச்சியது, வாங்கியபின் எவ்வாறு காற்றுப்படாமல் வைப்பது என்ற மூன்று வரிகள் எழுதுவித்தோம்.

கூழ் வற்றலுக்கு ஒரு தனிக் கவலை. சித்திரை வெயிலில் மாடியிற் காய்ப்பது, ஆனியில் மழை பிடித்தால் புரட்டாசி வரை இல்லை. இல்லாத காலத்தில் தளம் 'உண்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தால் பணம் கட்டியவர் ஏசுவார். ஆகவே இதை மாற்றப் போகிறவர் யார்? தளம் அமைப்போர் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை, கடைக்காரரும் நினைப்பதில்லை. உளுந்து விலை ஏறும்போதெல்லாம் வேறொருவரிடம் கெஞ்சிக் காத்திருக்க வேண்டிய தளம் ஆறு மாதத்தில் பொய் சொல்லத் தொடங்கிவிடும். அண்ணாச்சியின் மகள் பதினோராம் வகுப்பிற் படிக்கிறாள். விலையையும் இருப்பையும் கைப்பேசியிலிருந்தே அவள் மாற்றக்கூடிய எளிய அமைப்பையே தேர்ந்தோம். அவள் தேர்வுக் காலத்தில் அக்கா செய்ய வேண்டுமென்பதால் அக்காவும் கற்றுக்கொண்டார்.

மொழிக்கு வருவோம். நம் பிள்ளைகளுள் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அண்ணாச்சியின் வாடிக்கையாளருள் மராத்தியரும் குஜராத்தியரும் உளர். தமிழில் மட்டும் எழுதினால் பேரப்பிள்ளைகள் திரும்பிப் போவர். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் பாட்டிமார் திரும்பிப் போவர். பண்டத்தின் பெயர், பொருட்பட்டியல், விலை ஆகியவற்றைத் தமிழ், ஆங்கிலம், மராத்தி மூன்றிலும் எழுதினோம். பருப்புப் பொடியை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒற்றை 'பி' இட்டும் மற்றொருவர் இரட்டை 'பி' இட்டும் தேடுவர். இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் தேடுவோர் கண்ணிற் படும். மராத்தியருக்கு, 'மேத்கூட் போன்றது' என்று ஒரு சொல் சேர்த்தோம். அவர்கள் வீட்டிலும் பருப்புகளை வறுத்து அரைக்கும் பொடி உண்டன்றோ? இட்லி மிளகாய்ப் பொடியை ஆங்கில உணவகங்களில் 'கன் பவுடர்' என்று எழுதுகிறார்கள். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வெடிமருந்தை யார் இட்லிக்குத் தொட்டுக்கொள்வார்கள் என்று கேட்டார். ஆயினும் அப்பெயரால் தேடுவோர் உளர் என்பதால் ஓரிடத்தில் மட்டும் இடங்கொடுத்தார்.

தமிழ் எழுத்து யூனிகோடு முறையில் இருக்க வேண்டும். அச்சகத்தார் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டி வைத்திருந்த வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டியபோது, திரையில் புரியாத குறிகள் தோன்றின. அதைப் படமாக்கிப் போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி கண்டுகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. கண் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லும் கருவியும் அங்கே வாய் மூடிக்கொள்ளும். மகளே உட்கார்ந்து மீண்டும் தட்டினாள். நிழற்படங்களையும் அவளே எடுத்தாள். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், எவர்சில்வர் தட்டில். கைப்பேசி எடுக்கும் படம் பல மெகாபைட் கனக்கும். அதைச் சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கினாலன்றி, ஓடும் இரயிலில் பார்ப்பவர் பொறுமையிழந்து மூடிவிடுவார்.

பணம் பெறும் வழியில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. கடையில் ஒட்டியிருக்கும் யுபிஐ கட்டப் படத்தை அப்படியே தளத்திலும் போட்டிருந்தோம். கைப்பேசியில் தளத்தைப் பார்ப்பவர், தம் கைப்பேசியின் திரையைத் தம் கைப்பேசியாலேயே எவ்வாறு படம் பிடிப்பார்? படத்தைச் சேமித்து, பின்னர்ச் செயலியில் ஏற்றுவது எல்லோருக்கும் கைவருவதன்று. யுபிஐ முகவரியை எழுத்திலும் கொடுத்து, தொட்டால் பணம் செலுத்தும் செயலி திறக்குமாறும் அமைத்தபின்தான் அது பயன்பட்டது.

சட்ட விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறோம். உணவுப் பண்டம் விற்போர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணைத் தளத்திற் காட்ட வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலை, திருப்பி எடுக்கும் முறை ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். குறை கேட்கும் அலுவலர் ஒருவர் பெயரும் வேண்டும். முறையீடு வந்த 48 மணி நேரத்துக்குள் 'பெற்றுக்கொண்டோம்' என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இருவர் நடத்தும் கடையில் அலுவலர் யார்? அக்காதான். "இத்தனை நாளும் அதைத்தானே செய்கிறேன், இப்போது பதவியும் வந்துவிட்டதா?" என்றார். வரிக்குரிய சரக்கை மாநிலம் தாண்டி விற்பவர், விற்பனை சிறிதாயினும் சரக்கு-சேவை வரிப் பதிவு பெறுதல் பொதுவிதி. அப்பளத்துக்கு வரியில்லை, ஊறுகாய்க்கு உண்டு என்பது போன்ற நுட்பங்கள் இதில் இருத்தலால் கணக்கரைக் கேட்டே செய்க.

எல்லாம் எழுதியபின், டோம்பிவிலியில் இருக்கும் அண்ணாச்சியின் தமக்கையாரைச் சயானில் இரயிலேற்றி, அவருடைய பழைய கைப்பேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொன்னோம். மகள் அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பார்த்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. அத்தை கால் கிலோ இட்லிப் பொடிக்கு விலை கண்டுபிடித்தார். தம் ஊருக்கு வருமா என்பதையும் கண்டுபிடித்தார். தொலைபேசி எண்ணைத்தான் தாணே தாண்டும் வரை தேடிக்கொண்டிருந்தார். அன்றிரவே எண் பக்கத்தின் தலைக்கு ஏறிற்று.

புதிய பெயரை, தாயார் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து, '.இன்' என்று முடியுமாறு பதிவு செய்தோம். 2005 முதல் எவரும் எளிதிற் பெறத்தக்கதாய் இருக்கும் இவ்வகைப் பெயர்களை நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா மேற்பார்க்கிறது. தமிழெழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் கிடைக்கும். பேரப்பிள்ளைகள் தட்டுவதற்கு அரிது என்று விட்டுவிட்டோம். கணக்கு அண்ணாச்சியின் பெயரில், மின்னஞ்சல் அவருடையது, தொலைபேசி அக்காவுடையது, பணம் கட்டியது அவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து. ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டி, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தோம். தளத்தை வடிவமைத்துத் தந்தவருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் உண்டு. பூட்டின் சாவி அவரிடம் இல்லை. அவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிவு ரசீதை அண்ணாச்சி தாளில் அச்செடுத்து, போட்டோ பாஸ் இருக்கும் தகரப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினார்.

பழைய முகவரி அச்சிட்ட உறைகள் மூட்டையாக மிஞ்சியிருந்தன. எறிய மனமின்றி, மாலை வேளைகளில் குடும்பத்தார் அமர்ந்து ஒவ்வொன்றின்மேலும் புதிய சீட்டு ஒட்டினார்கள். விற்றுப்போன பொட்டலங்களை என்ன செய்வது? அவை எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கும். நம் சங்க அன்பர்கள் எவர் வீட்டிலேனும் அத்தகைய பழைய உறை இருக்குமாயின், அதிலுள்ள இணையதள முகவரியைத் திறக்க வேண்டாமென்றும், அதே உறையிலுள்ள தொலைபேசி எண் இன்றும் மாறவில்லையென்றும் தெரிவிக்குமாறு அண்ணாச்சி நம்மைக் கேட்டுக்கொண்டார்.